கட்டுக்கலை வீட்டுக் கித்தார்

புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையாக இருந்த யாகப்பரை ஏமாற்றக்கூடியவன் இன்னும் பிறக்கவில்லை. இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரேதான் சொல்லிக்கொள்வார். கொழுந்துக் கூடையைத் தராசில் கொளுவுகிற பெண்ணின் கையை முதலில் பார்ப்பார். பிறகு காலைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முள்ளைப் பார்ப்பார். கூடைக்கு அடியில் கல் இருக்கும், கொழுந்தில் தண்ணீர் தெளித்திருக்கும், யாராவது ஒருத்தி பெருவிரலால் கூடையை அமுக்குவாள் என்பதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. அவ்வளவு கால உத்தியோகத்தில் இரண்டோ மூன்றோ கல் அகப்பட்டிருக்கும். அந்தக் கற்களை வைத்துக்கொண்டே மனிதர் உலகம் முழுவதையும் எடைபோட்டுவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். மீன்காரன் செவுளைத் திறந்து காட்டினால், சாயம் பூசியிருக்கிறானோ என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயில் சுவாமியிடம் போனால் சின்னப் பாவங்களை மட்டும் சொல்லுவார். புதிதாக வந்த சுவாமி எவ்வளவு தூரம் வாய்க்கட்டு உள்ளவர் என்று தெரிந்த பிறகு பெரியவற்றைச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வார். அவர் மனைவி சூசையம்மா இதைப் பற்றி ஒரு பேச்சு வைத்திருந்தாள்.

"மோட்சத்துக்குப் போனாலும் இந்த மனுசன் வாசல்லயே நின்னு, இது நெசமாவே மோட்சந்தானான்னு நாலு பேருகிட்ட விசாரிச்சுட்டுத்தான் உள்ள போவாரு."

அவர்களுக்கு ஒரே மகள், றீற்றா. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது யாகப்பரின் இந்தக் குணம் முழு வேகத்தில் வேலை செய்தது. கண்டியில் ஒரு தேயிலைக் கம்பனியில் கிளாக்கராக இருந்த கிளறன்ஸைப் பற்றித் தரகர் சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கண்டிக்குப் போய், கம்பனிக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டார். பையன் வேலை விட்டு வெளியே வந்ததும் பின்னாலேயே நடந்தார். பையன் சாராயக் கடைப் பக்கம் தலைவைத்தும் பார்க்கவில்லை. கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டுச் செபம் சொன்னான். 'என்னைக் கண்டுகொண்டு நடிக்கிறானோ' என்று யாகப்பருக்குத் தோன்றியது. அடுத்த கிழமையும் போய்ப் பார்த்தார். அன்றைக்கும் அதே நடை, அதே கோயில், அதே முழந்தாள். அதற்குமேல் சந்தேகப்பட இடம் கிடைக்காமல், ஏதோ தோற்றுப்போன மனத்தோடு பெண்ணைக் கொடுத்தார்.

1932ஆம் வருஷம் தை மாதம் கலியாணம் நடந்தது. கண்டி நகரத்துக் கட்டுக்கலையில், ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவராக ஒட்டியிருந்த வீட்டு வரிசையில் ஒன்றில் றீற்றா குடித்தனம் போனாள்.

அடுத்த வருஷம், மழை விட்ட ஒரு நாள், துணி மூட்டையோடு தோட்டத்துக்கு வருகிற ஹபீல், யாகப்பர் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கினான். ஆனால் அவிழ்க்கவில்லை. அவனுடைய ராத்தா, அதாவது அக்கா, ஆஸியா உம்மா இருந்தது றீற்றாவுக்கு அடுத்த வீட்டில்.

"கணக்கப்புள்ள ஐயா, ஒரு விஷயம் செல்லோணும். கோவிக்கப்படாது."

"விஷயத்தச் சொல்லு. கோவிக்கிறதா இல்லையான்னு பொறகு பாப்போம்."

"ராத்தா செல்றா, ஒங்கட மகள் பின்னேரத்துல அழுறாவாம். ஒருநா ரெண்டுநா இல்ல. சுவருக்கு அங்கால நீட்டி நீட்டி அழுற சத்தம் கேக்குதாம்."

அழுவது தன் ஒரே மகள் என்பது யாகப்பருக்கு உறைத்தது. ஆனால் வாயில் முதலில் வந்தது வேறு.

"இத நீ எதுக்கு எங்கிட்டச் சொல்றே?"

ஹபீல் திகைத்துப் போனான். "எங்களுக்கும் பொம்புளப் புள்ளயள் ஈக்கிதானே ஐயா" என்றான்.

அவன் போன பிறகும் யாகப்பரின் மூளை ஓயவில்லை. ஆஸியா உம்மாவுக்கு அந்த வீட்டின் மேல் கண் இருக்கும், தன் ஆட்களை அங்கே குடிவைக்கப் பார்க்கிறாள், அதற்காகத்தான் இந்தக் கோள்மூட்டல் என்று ஒரு பக்கம் நினைத்தார். மறுபக்கம், முழந்தாளிட்ட அந்தப் பையனின் பளபளவென்று துடைத்த சப்பாத்து ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவு துப்புரவாக இருப்பவன் எதையோ துடைத்திருக்கிறான். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. சூசையம்மாவிடம் மூச்சு விடாமல், தோட்டத்து ஸ்டோருக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கண்டிக்குப் பஸ் ஏறினார்.

மகள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆஸியா உம்மாவின் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்கொ, இரிங்கொ" என்று பின்முற்றத்தில் ஒரு பலகையைக் காட்டினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயரச் சுவர் ஒன்றுதான். யாகப்பர் குடையை முழங்காலுக்கிடையில் நட்டுக்கொண்டு அமர்ந்தார். சுவருக்கு அப்பால் யாரோ உட்காரக் கதிரையை இழுத்தார்கள். பிறகு ஒன்றுமில்லை. பிறகு அது தொடங்கியது.

முதலில் ஒரு விம்மல். அது மேலே ஏறி, ஏறின இடத்தில் நடுங்கி, அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூச்சு வாங்குகிற மாதிரி ஓர் இடைவெளி. மறுபடியும் ஏறியது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதால் எப்படியிருக்குமோ, அசல் அப்படியே இருந்தது.

"நான் பொய்யா சென்னேன்?" என்று ஆஸியா உம்மா மெல்லக் கேட்டாள்.

யாகப்பர் துள்ளி எழுந்தார். குடையைத் தடியாகப் பிடித்துக்கொண்டு, முன்பக்கமாகச் சுற்றி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதை அந்தத் தெரு பார்த்தது. கதவைத் தட்டவில்லை, தள்ளினார்.

உள்ளே கிளறன்ஸ் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு கித்தார் மல்லாந்து கிடந்தது. சமையலுக்குக் குசினி வாசலில் றீற்றா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யாகப்பர் அவளுடைய முகத்தைத்தான் முதலில் பார்த்தார். முகம் காய்ந்திருந்தது.

"வாங்க மாமா" என்று கிளறன்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னான். "சொல்லியிருந்தா பஸ்ஸடிக்கே வந்திருப்பேனே."

"யாரு அழுதது?"

கிளறன்ஸுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் யாகப்பருக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். இடது கையிலிருந்த உருக்குத் துண்டைக் கம்பிகளின் மேல் வைத்து, வலது கை விரல்களில் மாட்டியிருந்த தகட்டு நகத்தால் ஒரு கம்பியைத் தட்டி, உருக்கை மெதுவாக இழுத்தான். சற்று முன் சுவருக்கு அப்பால் கேட்ட அதே விம்மல் அறைக்குள் எழுந்து, ஏறி, நடுங்கி, இறங்கியது.

"இத எதுக்கு இப்பிடிப் படுக்கப் போட்டிருக்கீங்க?" என்றார் யாகப்பர். அவருடைய குரலில் இன்னும் பொலிஸ்காரன் இருந்தான்.

"இது ஹவாய்க்காரங்க வாசிக்கிற முறை மாமா. கொழும்புக்கு ஒரு கோஷ்டி வந்திச்சு, போய்க் கேட்டேன். அதுக்குப் பொறகு எனக்கு மத்த மாதிரி வாசிக்க மனசு வரல." கித்தாரின் கழுத்துத் தலைப்பில் ஓர் இரும்புச் சட்டம் கம்பிகளை மேலே தூக்கிப் பிடித்திருந்ததைக் காட்டினான். "கம்பி மரத்துல படக்கூடாது. விரல் வச்சு அமுக்கினா சத்தம் படிப்படியா ஏறும். இந்த உருக்க வச்சு இழுத்தா வழுக்கிக்கிட்டுப் போகும். மனுசக் குரல் மாதிரி."

யாகப்பர் உட்கார்ந்தார். குடையை மட்டும் விடவில்லை.

கிளறன்ஸ் கெட்டிக்காரன். மாமனாரை எந்த இடத்தில் தொட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி, முறுக்காணிகளைத் தளர்த்தி, முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினான். மற்றக் கித்தாருக்கு வைக்கிற மாதிரி இதற்கு வைப்பதில்லை என்றான். உள்ளே இருக்கிற மூன்று கம்பிகளை இன்னும் முறுக்கி ஏற்ற வேண்டும். வெறுமனே ஒருதரம் தடவினாலே ஆறு கம்பியும் சண்டையில்லாமல் ஒரே இசையாகச் சேர்ந்து வர வேண்டும். வாசித்து முடிந்ததும் மறக்காமல் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் இழுவை தாங்காமல் கம்பிகளைப் பிடித்திருக்கும் குதிரை பலகையிலிருந்து கழன்றுவிடும்.

"மாமா, உங்களுக்கு நல்ல காது. இந்த ரெண்டும் ஒண்ணா நிக்குதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

தடித்த கம்பியின் மேல் ஓரிடத்தில் உருக்கை வைத்துத் தட்டினான். பக்கத்துக் கம்பியைச் சும்மா தட்டினான். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று இடித்து, விட்டு விட்டு அதிர்ந்தன. முறுக்காணி திரும்பத் திரும்ப அந்த அதிர்வு மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது. கடைசியில் நின்றது. தராசு முள் ஆடி ஆடி நடுவில் நிற்பதைத் தினமும் பார்க்கிற மனிதருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப நின்னிருச்சு" என்றார் யாகப்பர்.

"அதேதான் மாமா. ஒரு வருஷமா வாசிக்கிற எங்க கோஷ்டிக்காரனுக்கே இது பிடிபடாது."

அடுத்த கம்பியின் முறுக்காணியை யாகப்பரே திருப்பினார். அதற்கு அவர் குடையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் அவர் யாகப்பர் ஆயிற்றே. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், பாதி விசாரணையில் எழுந்து போவாரா? றீற்றாவைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆஸியா உம்மாவின் பின்முற்றத்துக்குப் போனார். மகளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இப்ப வாசிங்க" என்று சுவருக்கு மேலால் சத்தம் போட்டார்.

அழுகை கேட்டது. மகளோ பக்கத்தில் வாய் மூடி நின்றாள்.

"இதேதான்" என்றாள் ஆஸியா உம்மா. "அல்லாவே, நான் என்னத்தச் செல்லிட்டன். அந்த மனுசன்ட மொகத்துல எப்பிடி முழிக்கிற?"

யாகப்பர் வயிறு குலுங்கச் சிரித்தார். சுவருக்கு அப்பாலிருந்து கிளறன்ஸும் சிரித்தான். அடுத்த வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். றீற்றா சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் சிரித்தாளா என்று யாகப்பர் பார்க்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் புசல்லாவை திரும்பியதும் எல்லாவற்றையும் சூசையம்மாவிடம் அவிழ்த்துக் கொட்டினார். தான் ஒளிந்திருந்து கேட்டது, ஓடியது, உள்ளே நின்று சோதித்தது, வெளியே நின்று சோதித்தது எல்லாவற்றையும் சொன்னார். சூசையம்மா முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புள்ள என்னா சொன்னா?"

"அவ என்னத்தச் சொல்றது? அவதான் என் பக்கத்துலயே நின்னாளே."

"இல்ல, அவள நீங்க கேட்டீங்களா?"

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று யாகப்பர் எரிந்து விழுந்தார். இதை அவர் வாயால் கேட்க வேண்டியதாயிற்றே என்று சூசையம்மா எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு யாகப்பர் ஆளே மாறிவிட்டார். மருமகனைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஸ்டோரில், கோயில் வாசலில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் ஹவாய் கித்தாரின் பெருமையை அளந்தார். கிளறன்ஸின் கோஷ்டி கலியாண வீடுகளுக்கும் துரைமாரின் நடனங்களுக்கும் போய் வாசித்தது. யாகப்பர் மாதத்துக்கு ஒருதரமாவது கண்டிக்குப் போய்விடுவார். போனால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுருதி நின்றதா நிற்கவில்லையா என்று தீர்ப்புச் சொல்லுவார். றீற்றா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். "நல்லா இருக்கியா?" என்று கேட்பார். "இருக்கேம்பா" என்பாள். அது போதும் அவருக்கு. மீன்காரனின் செவுளை மட்டும் முன்போலவே தேய்த்துப் பார்த்தார்.

1934இல் பாஸ்காத் திருநாள் முடிந்து, தவக்காலத்தில் நின்றிருந்த கலியாணங்கள் வரிசையாக வந்த காலம். யாகப்பர் ஒரு சனிக்கிழமை போனபோது கித்தார் மேசையில் கிடந்தது. கம்பிகள் சுருண்டு தொங்கின. குதிரை பலகையை விட்டுப் பெயர்ந்து நின்றது. சுருதியை இறக்காமல் விட்டுவிட்டதால் வந்த வினை என்றான் கிளறன்ஸ். அவன் குரல் எப்போதும் போல் மெதுவாகவே இருந்தது, ஆனால் சுருண்ட கம்பியைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டே நின்றான். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் ஒரு பெரிய இடத்துக் கலியாணம் இருந்தது. கம்பனியில் அவனுக்கு லீவு இல்லை.

"இதுக்கு ஏன் மலைக்கிறீங்க? அலவத்துகொடையில ஹாஷிம்னு ஒரு தச்சு பாஸ் இருக்காரு, பள்ளிக்கூடத்து ஆர்மோனியமெல்லாம் அவருதான் செய்றாரு. நான் கொண்டுபோறேன்" என்றார் யாகப்பர்.

கித்தாரைப் பழைய போர்வையில் சுற்றி அவர் கையில் எடுத்தபோது றீற்றா குசினியிலிருந்து வந்தாள்.

"நானும் கூட வரவாப்பா?"

"வெயில்ல எதுக்கு?" என்றான் கிளறன்ஸ்.

"கித்தாருக்கே பஸ்ஸுல எடம் பத்தாது" என்று யாகப்பர் சிரித்தார். "நீ வீட்டப் பாத்துக்க."

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, அக்குறணைக் கடைகளைத் தாண்டி அலவத்துகொடை போய்ச் சேரும்வரை கித்தாரைக் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தார். ஹாஷிம் அலுமாரிகளுக்கும் கதவு நிலைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அமைதியான மனிதர். பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பழைய பசையைச் சுரண்டி, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, பாரம் ஏற்றி ஒரு கிழமை அசையாமல் வைக்க வேண்டும் என்றார்.

"ஒரு கெழமையா? அங்க ஊர் உலகமெல்லாம் இதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"ஊர் காத்துக்கொண்டிரிக்கலாம். வச்சிரம் அதுட நேரத்துலதான் காயும்" என்றார் ஹாஷிம்.

இந்த மனிதர் நல்ல பலகையைக் கழற்றிவிட்டுக் கெட்ட பலகையைப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று யாகப்பருக்கு உடனே தோன்றியது. ஹாஷிம் உள்ளே போன சமயம் பார்த்து, சட்டைப் பையிலிருந்த பேனாக்கத்தியால் கித்தாரின் வாய்க்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு சிலுவை கீறி வைத்தார். வாழ்க்கையில் ஒரு பாவமும் செய்யாத அந்தத் தச்சர்மேல் சந்தேகப்பட்ட திருப்தியோடு புசல்லாவைக்குப் போனார்.

கிழமை கழிந்து, புதன்கிழமை அன்று போய் எடுத்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். சிலுவை இருந்தது. குதிரை அசையவில்லை. ஹாஷிம் ஒரு சாக்கில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். உச்சி வெயில் சாய்ந்த நேரம் யாகப்பர் கட்டுக்கலைத் தெருவில் அந்தச் சாக்கு மூட்டையோடு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

ஆஸியா உம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய கூத்துக்குப் பிறகு அவளுக்கு யாகப்பரைக் கண்டால் கொஞ்சம் கூச்சம். அதனால் எப்போதும் மருமகனைப் புகழ்ந்துதான் பேச்சைத் தொடங்குவாள்.

"வாங்கொ அண்ணே. தோட்டத்துல இருந்து என்னமோ பெரிசாக் கொண்டு வாறீங்க." இடித்ததை வாயில் போட்டுக்கொண்டாள். "ஒங்கட மருமகன் இப்ப முந்தியப் போல இல்ல. நல்லா வாசிக்கிறாரு. முந்தாநாள் பொழுது பட்டு நான் மஃரிபு தொழுதிட்டுப் பாயில ஈக்கக்குள்ள தொடங்கினது, ராவு இஷாத் தொழுகை வரைக்கும் ஓயல்ல. பாயச் சுருட்டாம இருந்து கேட்டுக்கிட்டே ஈந்தன். எனக்கே கண்ணுல தண்ணி வந்திட்டு."

யாகப்பர் நின்றார்.

"முந்தாநாளா?"

"ஓம், முந்தாநாள். ஞாயித்துக்கெழமையும் வாசிச்சாரு. அது கொஞ்ச நேரந்தான்."

சாக்கு மூட்டை கையில் கனத்தது.  இந்த அம்மா நாளை மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தார். கிளறன்ஸ் வேறு யாரிடமாவது கித்தார் இரவல் வாங்கியிருப்பான் என்று நினைத்தார். பக்கத்தில் யாரோ பூனை வளர்க்கிறார்கள் என்றுகூட நினைத்தார். பிறந்த நாள் முதல் சந்தேகப்படக் காரணம் தேடியே பழகிய மனிதர், அந்த வாசலில் நின்று நம்புவதற்கு ஒரு காரணம் தேடினார். ஒன்றும் கைகொடுக்கவில்லை.

மகள் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கிளறன்ஸ் கம்பனியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. றீற்றா முன்னறையில் உட்கார்ந்து உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். தகப்பனைக் கண்டு எழுந்தாள். அவர் கையில் இருந்தது என்ன என்று தெரிந்ததும் ஓர் அடி பின்னால் போனாள்.

"சரியாயிருச்சாப்பா?"

யாகப்பர் மூட்டையை மேசைமேல் வைத்தார். 

"அவரு வேற கித்தார் ஏதாச்சும் எடுத்தாந்து வாசிச்சாரா?"

"இல்லப்பா. அவருக்கு இது இல்லாம வேற கைக்கு வராது."

"அப்ப முந்தாநாள் பின்னேரம் இங்க கேட்டது என்னா?"

றீற்றா உளுந்துச் சுளகின் பக்கம் குனிந்தாள். யாகப்பர் அவளைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அந்த வீட்டில் கம்பியையும் முறுக்காணியையும் பார்த்துக்கொண்டிருந்தவர், முதல்முறையாக மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சட்டைக் கை முழங்கைக்குக் கீழே இறங்கியிருந்தது. அதற்கும் கீழே, மணிக்கட்டில், நான்கு விரல் பதிந்த இடம் கன்றிப்போய்க் கிடந்தது.

"ஏன்மா எங்கிட்டச் சொல்லல?"

"எப்பப்பா சொல்றது?" என்றாள் றீற்றா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்கதான் வந்து கேட்டீங்களே. செவத்துக்கு அந்தப் பக்கம் நின்னும் கேட்டீங்க, இந்தப் பக்கம் நின்னும் கேட்டீங்க. கித்தார்தான்னு நீங்களே தீர்ப்பும் சொல்லிட்டீங்க. அன்னைக்கு நான் அழலப்பா. அதுக்கு முந்தின நாள்தான் அழுதேன்."

யாகப்பர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சுருதி சேந்து வர்ற அன்னைக்கு ஒண்ணும் இல்ல. சேரலன்னா, கம்பி அறுந்தா, யாராச்சும் அவரு வாசிக்கிறதக் கொற சொன்னா, அன்னைக்கு என் மேலதான். இது ஒடஞ்ச நாள்ல இருந்து தெனமும். முந்தியெல்லாம் கைய ஓங்குறதுக்கு முன்னாடி போய் ஜன்னலச் சாத்திட்டு வருவாரு. நீங்க வந்துட்டுப் போன பொறகு சாத்துறதில்லப்பா. யாரு கேட்டா என்னா, கித்தார்னு தானே நெனப்பாங்கன்னு அவருக்குத் தெரியும்."

யாகப்பர் அழுதார். மகள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. கிளறன்ஸ்மேல் அவருக்கு வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த வெறுப்புப் பெரிதாக இருந்தது. அந்தப் பாவி அடித்தான், சரி. அவள் அழுகிற சத்தத்துக்கு ஊரெல்லாம் சாட்சி கூட்டி, இது சங்கீதம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர் அல்லவா? மகள் அழவில்லை என்று அன்றைக்கு அவர் நிரூபிக்கவே இல்லை. கித்தாரும் அழும் என்று மட்டும்தான் நிரூபித்தார். இரண்டும் ஒன்று என்று எண்ணிக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "துணிமணிய எடுத்துக்க" என்றார்.

"சுவாமி கேட்டா என்னப்பா சொல்றது? கோயில்ல தாலி கட்டினது."

"சுவாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஊர்ல கேட்டா?"

அவர் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டார். சாக்கு மூட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. றீற்றா உளுந்துச் சுளகைக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்து, மூடிவிட்டு வந்தாள். இருவரும் வெளியே இறங்கினார்கள்.

ஆஸியா உம்மா இன்னும் வாசலில்தான் இருந்தாள். பெட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மகளக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா? நல்லம், நல்லம். கொஞ்ச நாள் அவட உம்மாவோட இருந்திட்டு வரட்டும். மருமகன் தனியக் கெடந்து கித்தார் வாசிக்கட்டும்."

யாகப்பர் பெட்டியைக் கீழே வைத்தார். அக்கம்பக்கத்து வாசல்களிலும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

"கித்தார் ஒரு கெழமைக்கு மேல அலவத்துகொடையில இருந்திச்சு உம்மா. இப்பத்தான் நான் கொண்டாந்தேன். நீங்க கேட்டது எம்புள்ளைய. மொதல் நாள் நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் ஏமாந்துட்டேன்."

 ஆஸியா உம்மா றீற்றாவைப் பார்த்தாள். பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் வாசிக்க மாட்டாரா என்று தான் காத்திருந்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். றீற்றா அவளருகே போய்க் குனிந்து, "நீங்க அழாதீங்க உம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு தகப்பனும் மகளும் புசல்லாவை பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள்.